நோட்டின் முதல் பக்கம்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பல பேர் கேட்டிருந்தீர்கள். மடியில் துண்டில் சுற்றிய ஒரு பூனைக்குட்டி, கையில் ஊசியில்லாத சிரிஞ்சு, நெற்றி முழுக்க வியர்வை. "டீச்சர், இது நீங்கதானா? உங்களுக்குப் பூனைன்னாலே ஆகாதே!" என்று 1998-இல் பத்தாம் வகுப்பு படித்த ஒருத்தி கேட்டிருந்தாள். "அத்தை, உங்க பென்ஷன்ல பாதி பூனைக்குத்தான் போகுதாமே" என்று அண்ணன் மகள் கேட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

எனக்குப் பூனை ஆகாது என்பது உண்மைதான். அந்த 1998 வகுப்புக்கு ஒரு சம்பவம் ஞாபகம் இருக்கும். மழைநாள். செரிமான மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. ஒரு பிள்ளை புத்தகப்பைக்குள் குட்டி ஒன்றை வைத்திருந்தாள். வழியில் நனைந்துகொண்டு கிடந்தது, எடுத்துவந்துவிட்டேன் என்றாள். கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். அவள் போய்விட்டு நனைந்து வந்தாள். மீதி வகுப்பு முழுவதும் தலை குனிந்து அழுதாள். நான் பித்தநீரைப் பற்றி நடத்தி முடித்தேன்.

2016-இல் ஓய்வு பெற்றேன். அதற்கு இரண்டு வருடம் கழித்து எங்கள் சமையலறை ஜன்னலுக்கு ஒரு செவலைப் பூனை வர ஆரம்பித்தது. மீன் வாங்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தது, பிறகு தினமும் வந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கைப் போட்டேன். அதில் படுத்துக்கொண்டது. பெயரெல்லாம் வைக்கவில்லை. "பூனை வந்துச்சா, பூனை சாப்பிட்டுச்சா" என்பதோடு சரி. ஆனால் இரவு கதவைச் சாத்தும் முன் சாக்கை ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். அது எனக்கே தெரியாமல் வந்த பழக்கம்.

2019 மார்கழியில் ஒரு நாள் காலை அது சாப்பிட வரவில்லை. சாக்கில் சுருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று முடிவு செய்தேன். வீட்டில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் இருந்தது. சின்ன உடம்பு என்று கணக்குப் போட்டு பாதி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கலக்கி, வாயைத் திறந்து ஊற்றினேன்.

மத்தியானத்துக்குமேல் எச்சில் ஒழுகியது. மூச்சு வேகமாக வாங்கியது. முகமும் பாதங்களும் வீங்கின. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சிவப்பாக இல்லை, நீலமும் பழுப்புமாக இருந்தது. ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்ததுமே கேட்டது ஒரே கேள்வி. "ஏதாவது மாத்திரை குடுத்தீங்களாம்மா?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. தன்னால் ஆனதைச் செய்தார். இரவு 9 மணிக்கு அது போய்விட்டது.

பிள்ளைகளே, உங்களுக்கு கல்லீரலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது நான். உடம்புக்குள் வரும் நச்சை முறிக்கும் தொழிற்சாலை என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியது நான். பாராசிட்டமாலை நம் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலம் போன்றவற்றோடு இணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த இணைப்பு வேலையைச் செய்யும் நொதி மிகமிகக் குறைவு. தலைமுறை தலைமுறையாக இறைச்சி மட்டுமே தின்று வந்த உயிர் என்பதால் செடிகொடிகளின் நச்சை முறிக்கும் ஏற்பாடு அதற்குத் தேவைப்படாமல் போயிற்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெளியேற வழியில்லாத மருந்து உள்ளேயே நச்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஹீமோகுளோபின் மெத்தீமோகுளோபினாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. இரத்தமே சாக்லேட் நிறத்துக்கு மாறும். அசிட்டைல்சிஸ்டீன் என்று மாற்று மருந்து உண்டு. ஆனால் சீக்கிரம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டேன். நல்ல ஆரோக்கியமான பூனையின் உடல் வெப்பமே ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட அதிகம். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். அன்று அதற்குக் காய்ச்சல் இருந்ததா, வெறும் வயிற்றுக் கோளாறா, எனக்குத் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

இதை ஐந்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை. உறவினர்கள் கேட்டபோது "எங்கேயோ போயிருச்சு" என்றேன்.

அந்த மருத்துவரிடம் வேலை பார்த்த தம்பிதான், பேரூர் தாண்டி ஒரு அம்மா பூனைகளை வைத்துப் பராமரிக்கிறார், பழைய துணி இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றான். இரண்டு மாதம் கழித்து ஒரு பை நிறைய பழைய சேலைகளோடு போனேன். தகர ஷெட் மூன்று, வலை அடித்த முற்றம், நடுவில் ஒரு புங்கமரம். நாற்பது பூனைகளுக்குமேல் இருந்தன. அந்தப் பெண் தையல் வேலை செய்து பிழைப்பவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். நான் ரிட்டயர்டு டீச்சர் என்றதும் ஒரு நோட்டை நீட்டினாள். "எங்கையெழுத்து எனக்கே புரியறதில்லீங்க. கொஞ்சம் எழுதித் தர்றீங்களா டீச்சரக்கா?"

அப்படி ஆரம்பித்தது. பெயர், வந்த தேதி, எங்கிருந்து வந்தது, எடை, தடுப்பூசி, கருத்தடை, மருந்து என்று கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு எழுதவில்லை. தத்துப் போனாலும் அதில்தான் தேதி, இறந்தாலும் அதில்தான் தேதி. வாரத்தில் இரண்டு நாள் போனேன். நோட்டு எழுதுவேன், தட்டு கழுவுவேன், மணல் அள்ளுவேன். மருந்து மட்டும் கொடுக்க மாட்டேன். கை நடுங்குது என்று வயதைச் சாக்காகச் சொல்லிவிடுவேன்.

அந்த நோட்டின் கடைசிக் கட்டத்தில் தேதி விழுந்த சிலரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆசை.

முதலில் பாட்டி. கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் கலந்த மூவண்ணப் பூனை. குடும்பம் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூவண்ணப் பூனை என்றால் அநேகமாகப் பெண்தான். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லிலும் அதில் ஒன்று அடங்கிப்போகும் என்று மேரி லயன் 1961-இல் சொன்னார். எது எங்கே அடங்குகிறதோ அதற்கேற்ப உடம்பில் கறுப்புத் திட்டும் ஆரஞ்சுத் திட்டும் வரும். பன்னிரண்டாம் வகுப்புக்கு மரபியல் எடுத்தபோது எனக்கு ஒரு பூனை கிடைத்திருந்தால் பாடம் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! அந்த ஆரஞ்சு மரபணு எதுவென்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்துக் கட்டுரை வெளியிட்டது 2025-இல்தான். படித்தபோது பாட்டியிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பாட்டிக்குச் சிறுநீரகம் பழுது. வயதான பூனைகளுக்கு அடிக்கடி வருவது. நாளெல்லாம் தண்ணீர் குடிக்கும், நாளெல்லாம் சிறுநீர் போகும், எடை கரையும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தோளுக்கு நடுவே தோலைத் தூக்கி அடியில் சலைன் ஏற்றுவார்கள். ஒட்டகத் திமில்போல் முதுகு புடைக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். ஊசியை அவள்தான் போடுவாள். நான் பாட்டியைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பேன். பதினான்கு மாதம் இப்படி ஓடியது. 2022 ஆடியில் மூன்று நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. "டீச்சரக்கா, வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தது. நாலு மணியிலிருந்து மடியில் வைத்திருந்தேன். கடைசிவரை குர்குர் என்ற சத்தம் நிற்கவில்லை. சந்தோஷத்தில் மட்டுமல்ல, வலியிலும் பூனை அப்படிச் சத்தமிடும் என்பதால் அதை வைத்து என்னை நான் ஆறுதல் படுத்திக்கொள்ளவில்லை. ஏழு மணிக்குள் முடிந்தது.

அடுத்தது 2023 ஐப்பசி. பஸ் ஸ்டாப்பில் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் ஐந்து குட்டிகள். ஏழு வாரம் இருக்கும். இட்லி, வடை, சட்னி, சாம்பார், பொங்கல் என்று பெயர் வைத்தாள். எடை எழுதும்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. "சட்னி 600 கிராம், சாம்பார் 550 கிராம்."

நாலாவது நாள் வடை வாந்தி எடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்துக்குமேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. குடிக்கவில்லை. பன்லூக்கோபீனியா. நாய்களுக்கு வரும் பார்வோவின் உறவுக்கார வைரஸ். மனிதரைத் தொடாது. குட்டிகளின் வெள்ளை அணுக்களையும் குடலையும் அழித்துவிடும். ஐந்து நாளில் நாலு குட்டிகள். வடை, பிறகு சாம்பார், ஒரே இரவில் இட்லியும் சட்னியும். அவள் தையல் மெஷினைத் தொடவே இல்லை. இரவெல்லாம் விழித்து மணிக்கொரு தடவை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தாள். பொங்கல் மட்டும் ஆறாவது நாள் எழுந்து மெலிசாகக் கத்தியது.

அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட, உயிரோடு இருக்கும். சாதாரண சோப்பு போதாது. பிளீச்சிங் கரைசலால் ஷெட்டைக் கழுவினோம். வீட்டுக்குப் போய் என் செருப்பையும் அதில் முக்கினேன். வேறு பூனை இருக்கும் பக்கம் பல வாரம் போகவில்லை.

கழுவிக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு இப்படி வந்த அன்னிக்கே பேர் வெக்கிற? சாகப்போறதுக்கு எதுக்குப் பேரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை. "பேர் இல்லீன்னா மருந்து நோட்டுல எதுக்குக் குடுத்தோம்னு எப்படீங்க்கா எழுதறது?"

அவ்வளவுதான் அவள் பதில். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் மாடிப்படிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கை எடுத்துவிட்டிருந்தேன். என் பூனைக்குப் பெயர் இல்லை.

மூன்றாவது ரவுடி. காது கிழிந்த பெரிய கடுவன். சண்டையில் கடிபட்டே எஃப்.ஐ.வி. என்ற நோய் தொற்றியிருந்தது. மனிதருக்கு வரும் எச்.ஐ.வி.யின் இனம்தான், ஆனால் பூனையிலிருந்து மனிதருக்கு வராது. அக்கம்பக்கத்தில் பயந்தார்கள். வீடு வீடாகப் போய் நான்தான் விளக்கினேன். பழைய தொழில் உதவியது. அந்த நோயோடு பூனைகள் பல வருடம் நன்றாக வாழ முடியும். ரவுடியும் தனி அறையில் இரண்டரை வருடம் வாழ்ந்தான். பெயருக்குத்தான் ரவுடி. நான் நோட்டு எழுதும்போது பேனா பிடித்த கையின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்வான். அவன் காலத்தில் எழுதிய பக்கங்களில் எழுத்து கோணலாகவே இருக்கும்.

2024 கடைசியில் வாயெல்லாம் புண். பசி இருந்தது, தின்ன முடியவில்லை. தட்டருகே போய், முகர்ந்து, வலியில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். எத்தனையோ மருந்து பார்த்தாயிற்று. மருத்துவர், இனி கருணை ஊசிதான் நல்லது என்றார். அவள் சம்மதித்தாள். ஆனால் பிடித்துக்கொள்ள அவளால் முடியவில்லை. வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். மருத்துவர் என்னைப் பார்த்தார்.

என் கையால் இன்னொன்றா என்று மனசு கத்தியது. ஆனாலும் பிடித்துக்கொண்டேன். முதலில் மயக்க ஊசி. அவன் வழக்கம்போலத் தாடையை என் கையில் வைத்தான். பிறகு இரண்டாவது ஊசி. துடிக்கவில்லை. கனம் மட்டும் கூடியது.

புங்கமரத்தடியில் புதைத்தோம். பாட்டியும் அங்கேதான், குட்டிகளும் அங்கேதான். நான் முதல் நாள் கொண்டுபோன சேலைகளில் ஒன்றின் துண்டைச் சுற்றினோம். குழி மூடும்போது அவளுக்கு ஒரு விஷயம் சொன்னேன். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதரின் புதைகுழியைத் தோண்டியபோது, அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பூனையும் முழுசாகப் புதைக்கப்பட்டிருந்தது. 2004-இல் வெளியான செய்தி அது. "அப்பவே குழி தோண்டி வெச்சிருக்காங்க பாருங்க" என்று மட்டும் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியைக் கழுவப் போனாள்.

அன்று மாலை நோட்டை எடுத்தேன். ரவுடியின் கட்டத்தில் தேதி எழுதினேன். பிறகு முதல் பக்கத்துக்குப் போனேன். அட்டைக்கு அடுத்த அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தோம். அதில் எழுதினேன்.

"பெயர்: செவலை. வந்தது: 2018. எங்கிருந்து: சமையலறை ஜன்னல். மருந்து: பாராசிட்டமால் 250 மில்லிகிராம். கொடுத்தது: நான். 2019 மார்கழி."

எழுதிவிட்டு மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த தடவை போனபோது அவள் படித்திருந்தாள் என்று தெரிந்தது. பக்கத்தின் ஓரத்தில் டீக்கறை இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. நல்லவேளை, சொல்லியிருந்தால் நான் திரும்பப் போயிருப்பேனா என்று தெரியாது.

மூன்று மாதம் கழித்து, சளி பிடித்த ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அளவு பார்த்து நிரப்பிய சிரிஞ்சைக் கையில் கொடுத்தாள். "எனக்கு ஒரு பிளவுஸ் அர்ஜெண்டுங்க்கா. இதுக்கு நீங்க குடுத்துருங்க" என்றாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மருந்துச் சீட்டை மூன்று தடவை படித்தேன். பிறகு கொடுத்தேன். அதன்பிறகு என் முறை வரும் நாட்களில் மருந்தும் நான்தான். நீங்கள் பார்த்த படம் அப்படி ஒரு நாளில் எடுத்தது. வியர்வை ஏனென்று இப்போது புரிந்திருக்கும்.

அண்ணன் மகளுக்கு: பாதி பென்ஷன் இல்லை கண்ணு, மாதம் 3,000 ரூபாய். மனுஷருக்குச் செய்யலாமே என்று நீ கேட்கவில்லை, ஆனால் மற்றவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கும் செய்கிறேன். இதை நிறுத்த மட்டும் என்னால் முடியாது.

எல்லோருக்கும் நான்கு விஷயம். பழைய டீச்சர் சொல்வதாகக் கேளுங்கள்.

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் கூடவே கூடாது, கால் மாத்திரைகூட. தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள், என்ன கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும்.

கருத்தடை செய்யுங்கள். பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். பஸ் ஸ்டாப் பெட்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

வீடு மாறும்போது அதையும் கூட்டிப் போங்கள்.

கடைசியாக, 1998-இல் மழையில் நனைந்து வந்த அந்தப் பிள்ளைக்கு. உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ இதைப் படித்தால் உனக்குத் தெரியும். அன்று நீ செய்ததுதான் சரி. நான் செய்தது தப்பு. இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆனதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். கோவைப் பக்கம் வந்தால் சொல், ஒரு நாள் கூட்டிப் போகிறேன். பொங்கல் இப்போது நாலு கிலோ. யார் வந்தாலும் முதலில் பைக்குள்தான் தலையை விடுவான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்